ஏழாவது கட்டம்

உங்கள் இருவருக்கும் மருந்து நிறுக்கத் தெரியும். முறிந்த எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டத் தெரியும். கொயினாவை எந்தக் காய்ச்சலுக்கு எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் பரீட்சையில் எழுதித் தேறி வந்திருக்கிறீர்கள். அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. புத்தகத்தில் இல்லாததை எழுதி வைத்துவிட்டுப் போ என்பதுதான் டாக்டரம்மா எனக்கு இட்ட கடைசி வேலை.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெறும் வயதல்ல. போன ஆண்டு வந்த விஷக்காய்ச்சல் திரும்பிப் போகும்போது என் வலது காதை முழுதாகவும் இடது காதைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது நோயாளியின் மார்பில் குழலை வைத்தால் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அவர் 'இடது பக்கம்' என்றால் 'எந்தப் பக்கம்' என்று இரண்டு முறை கேட்கிறேன். இப்படிப்பட்டவள் மருந்து கொடுக்கக் கூடாது. நானே எழுதிக் கொடுத்து விலகினேன். விடிந்ததிலிருந்து தறி ஓயாத ஆரணியில், என் ஜன்னலுக்கு எதிரே ஒருவர் தறியில் நாடா எறிவதை நான் சத்தமில்லாத சித்திரம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறேன். அவர் விஷயத்தில் நான் இரண்டு தவறுகள் செய்தேன். முதலாவது அவர் காலைக் கெடுத்தது. இரண்டாவது அவரை ஏறக்குறைய ஒரு பட்டாளத்தின் கையில் பிடித்துக் கொடுத்தது.

நமது மிஷன் ஆஸ்பத்திரியின் பெரிய ரிஜிஸ்தரை இதற்குள் பார்த்திருப்பீர்கள். பதினொரு கட்டங்கள்: நாள், எண், பெயர், வயது, ஊர், தொழில், சாதி அல்லது மதம், நோய், சிகிச்சை, தங்கிய நாட்கள், முடிவு. எனக்குப் பட்டியல் என்றால் சிறு வயதிலிருந்தே பிரியம். காலியான கட்டத்தைப் பார்த்தால் பல்லிடுக்கில் நார் சிக்கியதுபோல இருக்கும். இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பம்பாயில் பிளேக் பரவியிருந்த காலம் அது. இந்த ஊரின் பெரிய வீடு ஒன்றுக்கு இரண்டு அரபுக் குதிரைகள் அங்கிருந்து ரயிலில் வந்தன. ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறக்கும்போது ஒரு குதிரை மிரண்டு, கூட வந்த குதிரைக்காரரை உதைத்துவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. லாயத்து ஆட்கள் அவரை வண்டியில் கொண்டுவந்து நம்மிடம் இறக்கினார்கள். குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பம்பாய்த் தரகர் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அந்த மனிதர், நீண்ட அங்கியும் நரைத்த மீசையுமாக, தன் பேச்சு ஒருவருக்கும் புரியாத ஊரில் தனியாகக் கிடந்தார். பெயர் மட்டும் சொன்னார். நஜீப்.

டாக்டரம்மா அப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் நானும், வார்டு வேலை பார்த்த அஞ்சலையும்தான். எலும்பைப் பொருத்திச் சிம்பு கட்டியது நான். நன்றாகவே கட்டினேன். ஆனால் அவருக்கு எங்கெல்லாம் வலிக்கிறது, விரல் மரத்திருக்கிறதா என்று கேட்க எனக்கு வழியில்லை.

"கம்பவுண்டரம்மா, இன்னா பாஷைன்னே புரியல. துலுக்க பாஷ பேசிப் பாத்தேன், முழிக்கிறாரு" என்றாள் அஞ்சலை.

"உனக்கு எப்ப அந்தப் பாஷை தெரியும்?"

"பானி, ரொட்டி, ஜல்தி. மூணும் சொன்னேன். ஒரு மனுசனுக்கு அதுக்கு மேல இன்னா வேணும்?"

அரபுக் குதிரையோடு வந்தவர் பேசுவது அரபியாகத்தான் இருக்கும் என்று அவளே ஒரு யோசனையும் சொன்னாள். கோட்டைப் பக்கம் ஒரு பென்ஷன் ஹவில்தார் இருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எகிப்துச் சண்டைக்குக் கப்பலேறிப் போய்வந்தவர். அரபி தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். நான் ஆள் அனுப்பினேன்.

ஹவில்தார் மறுநாள் காலையிலேயே வந்தார். இஸ்திரி போட்ட பழைய பட்டாளத்துக் கோட்டு. மார்பில் வெண்கல நட்சத்திரம். அதற்கு மேலே பிறைச் சந்திரன். கீழே அரபு எழுத்து. எகிப்து ராஜா கொடுத்தது என்று என்னிடம் காட்டினார்.

"மூணு மாசம் இருந்தேம்மா அங்க. அரபி எனக்குத் தண்ணி பட்ட பாடு. இன்னா கேக்கணும், சொல்லுங்க."

"எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்."

அவர் கட்டிலருகில் போய் விறைப்பாக நின்றார். தொண்டையைச் செருமினார். "ஃபேன் ஸிலாஹ்?" என்று அதட்டும் குரலில் கேட்டு, தன் கைத்தடியால் முறிந்த காலைச் சுட்டிக் காட்டினார்.

குதிரைக்காரர் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். ஹவில்தாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"கை தூக்குறாரும்மா. கை நல்லா இருக்குதுன்றாரு" என்றார் ஹவில்தார்.

நான் நம்பினேன். அன்று இன்னும் நாலைந்து கேள்விகள் கேட்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதர் மேலும் வெளுத்துக்கொண்டே போனார். காய்ச்சல் ஏறுகிறது என்று நினைத்து நாடி பிடித்தேன். நாடி வேகமாக ஓடியது. உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சலில் உடம்பு சில்லிடாது என்று புத்தகத்தில் படித்தவள்தான் நான். ஆனாலும் கட்டத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினேன்.

அன்று மதியம் அஞ்சலை சோறு கொண்டுபோனபோது கட்டில் காலியாக இருந்தது. கிணற்றுக்குப் பின்னால், சுவரோரமாக, கைகளால் தரையை ஊன்றி இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். சிம்பு விலகி, எலும்பு மறுபடியும் இடம் பெயர்ந்திருந்தது. நாங்கள் தூக்கியபோது அவர் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சுடப்படப் போகிறவர் அப்படித்தான் மூடிக்கொள்வாராம். பிறகு ஹவில்தார்தான் எனக்குச் சொன்னார்.

மறுநாள் ஹவில்தாரை உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த அரபிச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினேன். நாற்பத்து மூன்று வந்தன. நில். உட்கார். கையைத் தூக்கு. தண்ணீர் கொண்டு வா. பேசாதே. ஆயுதம் எங்கே? பொய் சொல்லாதே. கதவைத் திற. எத்தனை பேர்? நட. இப்படியே போயிற்று. முந்தின நாள் அவர் காலைச் சுட்டிக் கேட்டது 'ஆயுதம் எங்கே?' என்றுதான். 'வலி' இல்லை. 'பயப்படாதே' இல்லை.

எழுதி முடித்ததும் அந்தத் தாளை அவருக்கே படித்துக் காட்டினேன்.

அவர் மார்பிலிருந்த நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எனக்குச் சொல்லிக் குடுத்ததே இவ்ளோதாம்மா" என்றார். "அங்க போய் யார்கிட்ட நான் சௌக்கியமான்னு கேட்டேன்?"

முதல் தவறு இதுதான். மொழி தெரிந்த ஒருவர் கிடைத்தார் என்று மகிழ்ந்தேன். அந்த மொழியை அவர் எங்கே, எந்த வேலைக்குக் கற்றார் என்று கேட்கவில்லை. நாளைக்கு உங்களிடம் ஒருவர் வந்து இந்த நோயாளி சொல்வதை நான் சொல்கிறேன் என்பார். மாமியாராக இருக்கலாம், கங்காணியாக இருக்கலாம். முதலில் நோயாளியின் முகத்தைப் பாருங்கள்.

அதன் பிறகு ஹவில்தார் கோட்டு இல்லாமல், மேல்துண்டோடு வந்தார். நட்சத்திரத்தை வீட்டில் விட்டுவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த மனிதருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். குதிரைக்காரர் அதை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இவர் தானே போட்டுக்கொண்டு வாயைத் திறந்து சிவப்பைக் காட்டினார். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நான்காம் நாள் அவர் வெற்றிலையை வாங்கி மென்று, முகத்தைச் சுளித்துத் துப்பினார். "இப்ப சிநேகம் ஆயிடுச்சு" என்றார் ஹவில்தார்.

நான் வேறொரு பட்டியல் ஆரம்பித்தேன். பொருளைக் காட்டுவேன். அவர் சொல்லுவார். தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். தண்ணீர், உப்பு, கால், எலும்பு. வலிக்கு 'வஜஃ'. ஒருநாள் அஞ்சலை சிம்புக்கு அடியில் வைத்துக் கட்டத் தறிக்கார வீட்டிலிருந்து சிக்கலான கழிவுப் பட்டு ஒரு கைப்பிடி வாங்கி வந்தாள். அதைப் பார்த்ததும் அவர் கையை நீட்டினார். கட்டைவிரலால் இரண்டு தடவை நீவினார். எங்களில் ஒருவருக்கும் அகப்படாத நுனியை இழுத்து எடுத்தார். "ஹரீர்" என்றார். பட்டு. "உம்மி" என்று தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அம்மா. அவருடைய மலையில் வீட்டுக்கு வீடு முசுக்கட்டை மரமும் பட்டுப்புழுவும் உண்டு என்று பிறகு புரிந்தது.

அவர் கதை எனக்கு முழுதாக வந்து சேர மூன்று வாரம் பிடித்தது. குதிரை வியாபாரத்தில் அவர் பொறுக்கிய நாலைந்து இந்துஸ்தானிச் சொல், என் பட்டியல், ஹவில்தாரின் கையசைவு, ஒரு சிலேட்டு. இவை நான்கும் சேர்ந்து பேசிய பேச்சு அது. அதனால் இதில் சில இடங்கள் தவறாக இருக்கலாம்.

கடலோரம் ஒரு மலை. அதில் அவருடைய ஜனங்களும் கிறிஸ்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது இரண்டு பக்கத்தாரும் வெட்டிக்கொண்டார்கள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. சிலேட்டில் சிலுவை வைத்த ஒரு வீட்டை வரைந்து, அதை உள்ளங்கையால் துடைத்து அழித்துவிட்டு, தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அழித்தவர்கள் எங்கள் ஆட்கள் என்று அதற்கு அர்த்தம். பிறகு கப்பல்கள் வந்தன. பிரெஞ்சுச் சிப்பாய்கள் கிறிஸ்தவர்களைக் காப்பாற்ற இறங்கி மலையேறினார்கள். சுல்தானின் அதிகாரிகளும் வந்தார்கள். இவருடைய தகப்பனைக் கட்டி எங்கோ கடலுக்கு அப்பால் அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. தாய், பிள்ளைகளோடு கிழக்கே நடந்து, கறுப்புக் கல் நிறைந்த ஒரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே முசுக்கட்டை வளராது.

அந்தக் கறுப்புக் கல்லில் அவர் வீடு கட்டினார். குதிரை வளர்த்தார். இரண்டு மகன்கள். எங்களிடம் வருவதற்கு முந்தின ஆண்டு துருக்கி சுல்தானின் பட்டாளம் பீரங்கியோடு அங்கேயும் வந்தது. ஊர் எரிந்தது. ஒரு மகன் இறந்தான். இன்னொருவனைப் பிடித்துப் பெயர் தெரியாத தேசத்துக்குச் சிப்பாயாக அனுப்பிவிட்டார்கள். இவர் பாலைவனம் கடந்து, ஏடனுக்குப் போய், குதிரைக் கப்பலில் பம்பாய் வந்தார். மனைவியைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"மொதல்ல வந்தவன் வேற, பின்னால வந்தவன் வேற" என்றார் ஹவில்தார். "ஓடனது மட்டும் ரெண்டு வாட்டியும் இவருதான்."

பிறகு அவரே சொன்னார்: "எங்களயும் இப்படித்தாம்மா கப்பல்ல ஏத்திகினு போனாங்க. கரையில எறங்கி, எதிரி யாருங்கன்னு கேட்டேன். முன்னாடி நிக்கிறவன்டான்னாங்க. முன்னாடி நின்னவன் பேரீச்சம்பழம் வித்துகினு இருந்தான்."

இனி இரண்டாவது தவறு.

ரிஜிஸ்தரில் அவருடைய வரிசையில் ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. ஊரின் முஸ்லிம் பெரியவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து தொழுகைக்கு வண்டி வைத்து அழைத்துப்போகிறோம் என்றார்கள். அவர் வணங்கி, காலைக் காட்டி மறுத்தார். ஞாயிற்றுக்கிழமை நமது உபதேசியார் வந்து ஜெபித்தபோதும் அதே வணக்கத்தோடு தலை குனிந்தார். என்ன எழுதுவது? இருபதாம் நாள் அவரிடமே கேட்டேன். ஹவில்தார் அன்று இல்லை. அவர் வாசலைப் பார்த்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் "துரூஸ்" என்றார். ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

அவருடைய ஜனங்களுக்கும் அவர்கள் மார்க்கத்துக்கும் அதுதான் பெயர், அது ரகசியம் என்று எனக்குப் புரிந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அஞ்சலையிடமும் சொல்லவில்லை. ஆனால் மேஜைக்குப் போய் ஏழாவது கட்டத்தில் 'துரூஸ்' என்று அழகாக எழுதினேன். வாயால் சொல்வதுதான் சொல்வது, எழுதுவது வேறு என்று நான் நினைத்திருந்தேன்.

அதே வாரம் தாலுகா கச்சேரியிலிருந்து உத்தரவு வந்தது. பிளேக் காரணமாக, பம்பாய் வழியாக வந்த அன்னியர்கள் யாராவது இருந்தால் பட்டியல் அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்டது மூன்று விவரம்: பெயர், வந்த நாள், கட்டியோ காய்ச்சலோ உண்டா. நான் பதினொரு கட்டத்தையும் கோடு போட்டு நகலெடுத்து அனுப்பினேன். குறைவாக அனுப்புவது அரைகுறை வேலை என்று எனக்கு எண்ணம்.

ஒரு மாதம் கழித்துக் கச்சேரி குமாஸ்தா நேரிலேயே வந்தார். சிரித்த முகமான மனிதர்.

"நீங்க எழுதன லிஸ்ட்தாம்மா இந்தத் தாலுகாவுலயே சுத்தமா இருக்குதாம். மேல வரைக்கும் போயி, மெட்ராஸ்லயே பாத்தாங்களாம்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு அவர் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். இந்த நபர் துருக்கிப் பிரஜை. கலகத்தில் சேர்ந்து தப்பியவர் என்று சந்தேகம். பம்பாயில் இருக்கும் துருக்கி சர்க்கார் ஆள் இவரைக் கேட்கிறார். பிரயாணத்துக்குத் தகுதியானவுடன் போலீஸ் வந்து அழைத்துப் போகும்.

"எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான் நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்களே. ஊரு, தொழிலு, ஜாதி. தேடவே வேணாம்."

அவர் போனதும் வார்டுக்குப் போனேன். நஜீப் ஜன்னலோரம் சாய்ந்து, தன் காலைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அது அவர் வழக்கம். குதிரைகள் போன பிறகு அவர் மொழியில் பேசத் துணை இல்லாததால், காலோடு பேசுவார். அன்று நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றேன். உள்ளே போக முடியவில்லை. என் தவறை அவரிடம் சொல்லத் தேவையான சொற்களில் பாதி என் பட்டியலில் இல்லை. மீதிப் பாதி ஹவில்தாரின் பட்டியலில்தான் இருந்தன.

டாக்டரம்மா மறுநாள் காலை வந்தார். கடிதத்தையும் ரிஜிஸ்தரையும் அவர் முன் வைத்தேன். கடல் கடந்து வந்த அவருடைய தமிழ், வேதப்புத்தகத்தில் கற்ற தமிழ் என்பது உங்களுக்கும் தெரியும். ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்த வார்த்தையை நான் சிறுபெண்ணாயிருந்தபோதே கேட்டிருக்கிறேன்" என்றார். "எங்கள் சபையார் அந்த மலையிலே ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். அதிலே இருந்தவர்களை இவனுடைய ஜனங்கள்..." அங்கே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்த மனுஷனுடைய கால் எப்படியிருக்கிறது?"

"எலும்பு இன்னும் கூடவில்லை, அம்மா. இரண்டாம் முறை நகர்ந்தது."

"நகர்ந்தது யாராலே?"

"என்னால்."

"எத்தனை வாரம் வேண்டும்?"

"ஆறு வாரம்."

"அப்படியே எழுது. நான் கையெழுத்திடுகிறேன். மெய்யானதை மட்டும் எழுது. மெய்யான எல்லாவற்றையும் எழுத வேண்டுமென்று யார் உனக்குச் சொன்னது?"

அதற்கு மேல் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வார்டுக்குப் போய் நஜீபின் கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் வந்து காலையும் சான்றையும் பார்த்துவிட்டு, ஆறு வாரம் கழித்து வருகிறேன் என்று போனார். இப்போது என் கையில் நேரம் இருந்தது. வழிதான் இல்லை. பட்டியலிட்டேன். அவரைப் பிடித்துக் கொடுப்பது. அவர் செத்துவிட்டதாக எழுதுவது. அவர் காலை வேண்டுமென்றே கூடவிடாமல் வைத்திருப்பது. மூன்றையும் அடித்தேன். நான்காவதை ஹவில்தார் சொன்னார்.

"என் பொண்ண புதுச்சேரியில கட்டிக் குடுத்துகீறேன். பாத்து ஒரு வருசமாச்சு. வண்டி கட்டிகினு சேத்துப்பட்டு, செஞ்சி வழியாப் போனா நாலு நாளு. எல்லையத் தாண்டிட்டா இந்த போலீசு அங்க வர முடியாது. அது பிரெஞ்சுக்காரன் ஊரு."

அவர் சொல்லி முடிக்கும்போதே எங்கள் இருவருக்கும் அது உறைத்தது. பிரெஞ்சுக்காரன் ஊர்.

இதை அவரிடம் சொல்லாமல் அழைத்துப்போகலாம் என்றார் ஹவில்தார். நான் கூடாது என்றேன். அவரிடம் முன்பே ஒருமுறை கேட்காமல் எழுதியிருக்கிறேன். சிலேட்டில் வண்டி வரைந்தேன். கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் போலீஸ், சுல்தான். அந்தப் பக்கம் 'ஃப்ரன்ஸாவி'. ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து ஏழாவது கட்டத்தையும் காட்டினேன். என் விரலை என் மேல் வைத்தேன். எழுதியது நான்.

அவர் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர். ஆனால் புரிந்துகொண்டார். சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. அவர் தகப்பனைக் கொண்டுபோன நாளில் கடலில் நின்ற கொடியின் கீழே போய் ஒதுங்கு என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன். வேறு எதையும் சொல்ல என்னிடம் இல்லை.

மறுநாள் காலை ஹவில்தார் வந்து வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தார். நஜீப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டாளத்துக் குரலில், "இம்ஷி!" என்றார்.

'நட' என்று அர்த்தம். ஹவில்தாரின் நாற்பத்து மூன்றில் ஒரு சொல்.

ஹவில்தார் எழுந்து நின்று சலாம் வைத்தார். இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

ஐந்தாவது வார முடிவில் எலும்பு கூடியது. சற்று வளைவாகத்தான் கூடியது. அந்த வளைவு என்னுடையது. காலை ஏழு மணிக்கு, கவட்டுக்கட்டை ஊன்றி, முன்வாசல் வழியாகவே போனார். தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். மஞ்சள் பட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அவர் அதன் ஓரமாகவே நடந்து, வண்டி நின்ற இடத்தில் திரும்பினார். "ஹரீர்" என்றார், என்னிடம். நான் "ஹரீர்" என்றேன்.  என் பட்டியலில் அறுபத்தொரு சொற்கள் இருந்தும், பிரிவு சொல்லும் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ள மறந்திருந்தேன்.

ஆறாவது வாரம் குமாஸ்தாவும் கான்ஸ்டபிளும் வந்தார்கள். ரிஜிஸ்தரைக் கொடுத்தேன். பதினோராவது கட்டத்தில், முடிவு என்ற இடத்தில், 'நடந்தார்' என்று எழுதியிருந்தேன்.

"நடந்தாருன்னா? எங்க நடந்தாரு?"

"இதில் பதினொரு கட்டம் இருக்கிறதுங்க. எங்கே போனார் என்று ஒரு கட்டம் இல்லையே."

குமாஸ்தாவின் சிரிப்பு போய்விட்டது. "கேக்காததெல்லாம் எழுதி அனுப்பன ஆளு நீங்க. இப்ப கேக்கறத சொல்ல மாட்டேன்றீங்க."

"ஆமாங்க" என்றேன்.

என் மேல் ஒரு புகார் போயிற்று. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அது இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. நியாயமான கடிதம்தான். நான் பொய் சொல்லவில்லை என்பதைத் தவிர என் பக்கம் சொல்ல அதிகமில்லை. நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நிலைக்கு வருவதற்கு இரண்டரை மாதம் முன்பே, அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவை நிறுத்தியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஹவில்தார் பத்தாம் நாள் திரும்பினார். கடற்கரையில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். "கப்பல் கொடிய பாத்துகினே நின்னாரும்மா. நானும் நின்னேன். அப்புறம் தோளத் தட்டி, உக்குத்துன்னாரு. உக்காருன்னு அர்த்தம். ரெண்டு பேரும் மணல்ல உக்காந்தோம்." அதற்குப் பின் ஒரு செய்தியும் இல்லை. அவர் மலைக்குத் திரும்பினாரா, கறுப்புக் கல் நாட்டுக்கா, அல்லது மகனைத் தேடிப் போனாரா, தெரியாது. அங்கே மறுபடியும் பட்டாளம் போயிற்று என்று ஒருமுறை பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அந்த ஜனங்களின் பெயரைத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள்.

ஹவில்தார் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அந்த அறுபத்தொரு சொற்களை இந்த ஊரில் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். சில நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கே கேட்பதில்லை.

நாளை முதல் ரிஜிஸ்தர் உங்கள் கைக்கு வருகிறது. அவர் போன நாளிலிருந்து என் கையெழுத்தில் உள்ள பக்கங்களைப் புரட்டினால், ஏழாவது கட்டம் பல இடங்களில் காலியாக இருக்கும். சிகிச்சைக்கு அது தேவைப்படாத இடங்கள் அவை. நான் மறந்துவிட்டேன் என்று எண்ணி, தயவுசெய்து நிரப்பிவிடாதீர்கள்.